இரண்டாம் ஓலை

தாராவி, பம்பாய்
14 ஜூன் 1964

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் சுகமான்னு கேட்டு முதல்ல ஒரு பாரா எழுதணும். அதை நான் எழுதினதாவே நெனச்சுக்கிடுங்க. எனக்குத் தலைபோற விஷயம் ஒண்ணு இருக்கு, அதை அப்பாகிட்ட சொல்றதுக்கு முந்தி உங்ககிட்ட சொல்லணும்.

மாட்டுங்காவுல பிப்ரவரியில எங்க காலேஜ் ஃபைனல் ஜெயிச்சோம்ல, அன்னைக்கே ஒரு அம்மா வந்து என் பேரு, ஊரு, வயசெல்லாம் கேட்டுட்டுப் போனாக. டிமெல்லோ மிஸ்னு பேரு. செம்பூர்ல ஒரு மருந்துக் கம்பெனியில ஆபீஸ் வேலை, அந்தக் கம்பெனி பொம்பளைப் பிள்ளைக பாஸ்கெட்பால் டீமுக்கு அவுகதான் கேப்டன். போன வாரம் காலேஜுக்கே வந்துட்டாக. என்னை டீமுக்கு எடுக்கணுமாம். வேலை பாக்கிங் டிபார்ட்மெண்டுல, புட்டிக்கு லேபிள் ஒட்டுறது. ஆனா அது பேருக்குத்தான். மத்தியானம் ஆனா பந்தைத் தூக்கிட்டுக் கிளம்பிரலாம். நாக்பூர், கல்கத்தான்னு எங்க டோர்னமெண்ட் நடந்தாலும் கம்பெனி செலவுல போயி ஆடலாம். ஆடுறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்கன்னு நெசந்தானான்னு நானே நாலு தடவை கேட்டுக்கிட்டேன்.

சங்கடம் ரெண்டு இருக்கு. ஆகஸ்டுல சேரணும், அதனால பி.ஏ.யைப் பாதியில விடணும். ரெண்டாவது, அந்தக் கம்பெனியில பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கலியாணம் ஆனா அன்னைக்கே வேலை போயிரும். எல்லாருக்கும் அதே ரூல்தான். மூணு வருஷமாவது இருப்பேன்னு நான் வாக்குக் குடுக்கணும்.

பி.ஏ. முடிச்சிட்டுப் போகலாமேன்னு நீங்க கேப்பீக. அப்ப என்னை யாரு கேப்பா? இந்த வருஷம் டீம்ல இடம் காலியா இருக்கு, இந்த வருஷம் கேக்குறாங்க. காலேஜ் முடிஞ்சா எனக்கு ஆடுறதுக்கு ஒரு கோர்ட்டும் கிடையாது. கிறிஸ்மஸுக்கு நீங்க வந்தப்போ படிப்பு முடிஞ்சதும் நமக்குக் கலியாணம்னு பேசினாக. அதுல இருந்து ஒரு வருஷம்தான் கூட. எனக்கு ஆசையா இருக்கு அத்தான். உங்க வாயால சரின்னு வந்தா அப்பாவும் ஒத்துக்கிடுவாக.

சகாயராணி


தூத்துக்குடி
23 ஜூன் 1964

அன்புள்ள சகாயத்துக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தது என் தப்பு. முகம் போன போக்கைப் பார்த்து, ஹெட் கிளார்க் வானமாமலை, பம்பாயில் யாருக்கும் உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டார். இந்த உப்புக் கம்பெனியில் எனக்கு வருகிறவள் பி.ஏ. படிக்கிறாள் என்பது தெரியாத ஆள் கிடையாது. எங்கள் தெருவில் பி.ஏ. படித்த மருமகள் எந்த வீட்டிலும் இல்லை. அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே சந்தைக்குப் போய் வருகிறாள். இப்போது புட்டிக்கு லேபிள் ஒட்டப் போகிறாள் என்று சொல்லச் சொல்லுகிறாயா?

நீ பந்து விளையாடுவதை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. கிறிஸ்மஸுக்கு வந்தபோது மாட்டுங்காவில் உன் ஆட்டத்தைப் பார்க்கவும் வந்தேன். அரை டிரவுசரோடு அத்தனை ஆம்பிளைகள் நடுவில் நீ ஓடினாய். கண்ணைக் கீழே போட்டுக்கொண்டுதான் பார்த்தேன், ஆனாலும் உட்கார்ந்திருந்தேன் அல்லவா? வேறு எந்த மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பான்? படிக்கிற காலத்தில் ஒரு விளையாட்டு, சரி. அதையே பிழைப்பாக்குவது குடும்பத்துப் பெண்ணுக்கு ஆகாது.

கலியாணம் செய்யக்கூடாது என்று ஒரு பெண்ணிடம் வாக்கு வாங்குகிற கம்பெனி என்ன கம்பெனி? அதற்கு நீயும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய். உன் படிப்பு என்னவாவது என்பதுதான் என் கவலை, வேறொன்றும் இல்லை. பி.ஏ.யை முடி. நான் எத்தனை வருஷமானாலும் காத்திருப்பேன்.

அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மாமாவிடம் இதைச் சொல்லாதே. நாம் இரண்டு பேரும் இதை இதோடு மறந்துவிடுவோம்.

மிக்கேல்ராஜ்


தாராவி
3 ஜூலை 1964

அத்தானுக்கு,

கண்ணைக் கீழ போட்டுக்கிட்டு எப்படி மேட்ச் பாத்தீக? பந்து மேலல்ல போகுது. அன்னைக்கு நான் போட்ட பாஸ்கெட் எத்தனைன்னு கேட்டா உங்களுக்குச் சொல்லத் தெரியாது. என் டிரவுசருக்கு நீளம் பத்தலைங்கிறது மட்டும் தெரிஞ்சிருக்கு.

எத்தனை வருஷமானாலும் காத்திருப்பேன்னு எழுதியிருக்கீக. அப்ப மூணு வருஷம் என்ன கசக்குதா? பி.ஏ.வுக்குன்னா காத்திருக்கலாம், பந்துக்குன்னா காத்திருக்க முடியாது, அப்படித்தானே. பி.ஏ.ன்னா சுவத்துல மாட்டி வச்சு வாறவன் போறவனுக்குக் காட்டலாம். நான் ஓடுறதை மாட்டி வைக்க முடியாது.

நீங்க தாராவிக்கு வந்தா நாலு நாள் இருப்பீக, போயிருவீக. நான் எப்படிக் காலேஜுக்குப் போறேன்னு உங்களுக்குத் தெரியாது. அப்பா தோல் பதனிடுற இடத்துல வேலைக்கு நிக்கிறாக. வீட்டுல துணி, பாய், தலைகாணி எல்லாத்துலயும் அந்த வாடை. நான் எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கிளாஸ்ல என் பக்கத்து பெஞ்சு காலியாத்தான் கிடக்கும். வாய்விட்டு ஒருத்தியும் சொல்ல மாட்டா, துப்பட்டாவை மூக்குகிட்ட வச்சிக்கிடுவா. அதே பிள்ளைக கோர்ட்டுக்குள்ள வந்தா ராணி, இங்க, ராணி, இங்கன்னு கத்துவாளுக. நான் வேர்த்து ஊத்தி நிக்கிறப்ப கட்டிப் பிடிப்பாளுக. மேட்ச் முடிஞ்சு அரைமணி நேரம் ஆனா மறுபடியும் பெஞ்சு காலி. எனக்குப் பி.ஏ. வேண்டாம்னு இல்ல. அந்த பெஞ்சுல இன்னும் ரெண்டு வருஷம் உக்காந்துதான் அதை வாங்கணும்னா, கோர்ட்டுல நின்னு சம்பாதிக்கிறது மேல்.

அப்பாகிட்ட சொல்லிட்டேன். நீங்க சொல்லாதேன்னு எழுதினதையும் சேத்தே சொன்னேன். மிக்கேல் என்ன சொல்லுதான்னு கேட்டு எழுது, அவன் சரின்னா எனக்கும் சரி, அப்படின்னுட்டாக.

என் படிப்புதான் கவலைன்னா நான் பிரைவேட்டா எழுதி பாஸ் பண்ணுதேன். வேற கவலை இருந்தா அதை எழுதுங்க. நான் சின்னப் பிள்ளை இல்ல.

சகாயராணி


தூத்துக்குடி
15 ஜூலை 1964

அன்புள்ள சகாயம்,

உன் கடிதத்தைப் பலதடவை படித்தேன். அந்த பெஞ்சு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்னால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

உன் இஷ்டப்படி செய். மாமாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் கோபம் எத்தனை நாளைக்கு? காலேஜுக்கு எழுதிக் கொடுப்பதை எல்லாம் நிதானமாக யோசித்துச் செய். மழைக்காலம், நனைந்துகொண்டு ஆடாதே.

இனி இதைப்பற்றி நமக்குள் சண்டை வேண்டாம்.

உன் அத்தான்
மிக்கேல்ராஜ்


தாராவி
28 ஜூலை 1964

என் அன்புள்ள அத்தானுக்கு,

உங்க காயிதம் வந்த அன்னைக்கு நான் ரோட்டுல நின்னே படிச்சு, அங்கேயே அழுதேன். பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் அக்கா பயந்துபோயி யாரு செத்தான்னு கேட்டுட்டாக. ஒரு மாசமா மனசுக்குள்ள உங்களைத் திட்டின திட்டுக்குக் கணக்கே இல்ல, அத்தனையும் வாபஸ்.

காலேஜ்ல எழுதிக் குடுத்து சர்டிபிகேட் வாங்கிட்டேன். பி.டி. மிஸ்ஸுக்குத்தான் வருத்தம். டீமைப் பாதியில விட்டுட்டுப் போறியேன்னாக. கம்பெனி டாக்டர் நெஞ்சு, கண்ணு, முட்டி எல்லாம் தட்டிப் பாத்துட்டு மஸ்த், அதாவது பிரமாதம் அப்படின்னு சொல்லிட்டாரு. ஆகஸ்ட் பதினேழு, திங்கக்கிழமை வேலைக்குச் சேரணும். அதுக்குள்ளயே ஞாயித்துக்கிழமை காலையில செம்பூர்ல பிராக்டிசுக்குக் கூப்பிடுறாங்க, அதனால நான் விடியக்காலத்து முதல் பூசைக்குப் போயிட்டு அப்படியே பஸ் ஏறிருதேன். அந்த கோர்ட்டு சிமெண்ட் கோர்ட்டு அத்தான். பந்து தரையில விழுந்தா கைக்கு வந்து சேருது, நம்ம காலேஜ் மண்ணு மாதிரி எங்கயோ ஓடாது.

டிமெல்லோ மிஸ் ரொம்பக் கண்டிப்பு. நீ பாஸ் குடுக்க மாட்டேங்கிற, எல்லாத்தையும் நீயே போடணும்னு நினைக்கிறன்னு முதல் நாளே ஏசிட்டாக. நெசந்தான். மாத்திக்கிடணும்.

அம்மா இப்பக் கொஞ்ச நாளா எனக்கு மீன் பொரிச்சா ரெண்டு துண்டு கூட வைக்கிறா. உங்க காயிதம் பாத்துத்தான் மனசு இளகியிருக்கும்னு நினைக்கிறேன். ரோசம்மா அத்தைக்குக் கோபம் ஆறினதும் என் ஸ்தோத்திரம் சொல்லுங்க. முதல் சம்பளத்துல அத்தைக்குச் சேலை எடுத்து அனுப்புவேன்.

உங்கள்
சகாயம்


தாராவி
17 ஆகஸ்ட் 1964

மிக்கேல் அத்தானுக்கு,

இன்னைக்குத் திங்கக்கிழமை. நான் வீட்டுல உக்காந்து இதை எழுதுதேன்.

போன செவ்வாய்க்கிழமை டிமெல்லோ மிஸ் ஆபீசுக்குக் கூப்பிட்டாக. கலியாணத்தை வச்சிக்கிட்டு எதுக்கு எங்களை ஏமாத்தினன்னு கேட்டாக. எனக்கு ஒண்ணும் விளங்கல. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் இங்கிலீஷ் பூசைக்கு நம்ம கோயிலுக்குத்தான் அவுக வாறாக. கோயில் கதவுல ஒட்டியிருந்ததாம், என் பேரும் உங்க பேரும். மூணு ஞாயிறு வாசிக்கிற கலியாண அறிவிப்புல முதல் ஓலை. வேற பெண்ணை எடுத்தாச்சுன்னு சொல்லிட்டாக. மாட்டுங்கா செண்பகவல்லி. என் காலேஜ்தான், எனக்கு மாத்தா ஆடுவா.

எனக்குக் கலியாண ஓலை வாசிச்சது எனக்குத் தெரியாது. முதல் பூசையில வாசிக்க மாட்டாங்க, ரெண்டாம் பூசையிலதான் வாசிப்பாங்க. அந்த நேரம் நான் செம்பூர்ல பந்து போட்டுக்கிட்டு இருந்தேன். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நானேதான் எழுதினேன், சிமெண்ட் கோர்ட்டுன்னு குதிச்சுக்கிட்டு.

நேரா பங்குச் சாமியார்கிட்ட போனேன். அவரு பாவம், தூத்துக்குடியில இருந்து முறைப்படி எழுதி வந்துச்சு, உங்க அப்பாவும் வந்து சம்மதம் சொன்னாரு, உனக்குத் தெரியும்னு நெனச்சேன் அப்படின்னாரு. அத்தை மகன், மாமன் மகள் கட்டணும்னா பிஷப்கிட்ட உறவு விலக்கு வாங்கணும்ல. அதையும் வாங்கியாச்சாம். ஜூலை மாசம் முதல் வாரமே மனுப் போயிருக்குன்னு சாமியார் சொன்னாரு. என் பெஞ்சைப் பத்திப் பலதடவை படிச்சேன், உன் இஷ்டப்படி செய்யின்னு நீங்க எழுதினது பதினஞ்சாம் தேதி. மனு போன பெறகு.

வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா உங்ககூட வருஷம் பூரா சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்ட ஆளை மதிச்சிருப்பேன். நீங்க சரின்னு எழுதி என்னைக் காலேஜையும் விட்டு எழுதிக் குடுக்க வச்சு, கம்பெனியும் இல்லாம ஆக்கிட்டீக. பி.ஏ. பி.ஏ.ன்னு நீங்க அழுத பி.ஏ. எங்க போச்சு? வர்ற மாசம் கலியாணம்னா நான் எந்தப் பரீட்சை எழுதுறது? உங்களுக்குப் படிப்பும் ஒண்ணுதான், லேபிளும் ஒண்ணுதான். என்னை வேற யாரும் வேணும்னு கேட்டுக் கூட்டிட்டுப் போயிரக்கூடாது, அவ்வளவுதான்.

நேத்து ரெண்டாம் பூசைக்குப் போனேன். அம்மா கையைப் பிடிச்சு இழுத்தா, விட்டுட்டுப் போயி பொம்பளைக பக்கம் முன் வரிசையில உக்காந்தேன். பிரசங்கம் முடிஞ்சு சாமியார் ரெண்டாம் ஓலைன்னு வாசிச்சாரு. உங்க அப்பா பேரு, அத்தை பேரு, என் அப்பா பேரு, அம்மா பேரு. இதுக்கு ஏதாவது தடை தெரிஞ்சவங்க சொல்லக் கடமைப்பட்டிருக்காங்கன்னாரு. எப்பவும் அதை வாசிச்சிட்டு அடுத்த தாளுக்குப் போயிருவாரு, யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. நான் எழுந்திரிச்சேன்.

"தடை இருக்கு சாமி. பொண்ணுக்குச் சம்மதம் இல்ல. பொண்ணு நான்தான்."

சாமியார் அந்தத் தாளை மடிச்சு வச்சிட்டாரு. அப்பா எழுந்திரிச்சு வெளிய போயிட்டாக, இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ராத்திரி அம்மாதான் சொன்னா. தாமதம் பண்ணினா ரோசம்மா வேற இடம் பாத்துருவா, ஊர் ஊரா பந்து ஆடப் போன பிள்ளையை அப்புறம் யாரு எடுப்பான்னு நீங்க அப்பாவுக்கு எழுதியிருக்கீக. அவுகளும் பயந்துட்டாக. அந்த ரெண்டு துண்டு மீன் எதுக்குன்னு இப்பத்தான் விளங்குது.

மூணாம் ஓலை இல்ல. அத்தைகிட்ட சொல்லிருங்க.

சகாயராணி


தூத்துக்குடி
29 ஆகஸ்ட் 1964

சகாயத்துக்கு,

நீ செய்த காரியம் உன் கடிதத்துக்கு முன்பே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். ஆபீசில் வானமாமலை ஒன்றும் கேட்காமல் இருப்பதுதான் அதைவிடக் கேவலமாக இருக்கிறது.

மனுவை எழுதியது அம்மாவின் பிடிவாதம். நான் கையெழுத்துப் போட்டது உண்மை. போடாவிட்டால் அவள் பட்டினி கிடந்திருப்பாள். மூன்று வருஷம் என்றாய். மூன்று வருஷம் முடிந்ததும் நீ வருவாய் என்று எனக்கு யார் பத்திரம் எழுதித் தருவார்கள்? நாக்பூர், கல்கத்தா என்று பார்த்தவளுக்கு இந்த உப்பளத்துக் குமாஸ்தா கண்ணில் தெரிவானா? எனக்குப் பயமாக இருந்தது. அதை ஆம்பிளை எப்படி எழுதுவது? நீயே சொல்.

நடந்தது நடந்துபோயிற்று. உன் கம்பெனி உன்னை அத்தனை விரும்பியிருந்தால் கதவில் ஒட்டிய ஒரு தாளைப் பார்த்து விட்டுவிடுமா என்பதையும் யோசி. நான் விடவில்லை. அத்தனை பேர் முன்னால் நீ என்னை அவமானப்படுத்திய பிறகும் எழுதுகிறேன். சாமியாரிடம் போய், கோபத்தில் சொல்லிவிட்டேன் என்று சொல். ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம். இங்கே கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்கிறார்கள், உனக்காகக் கேட்டு வைக்கிறேன்.

பதில் போடு.

மிக்கேல்ராஜ்


தூத்துக்குடி
19 ஜனவரி 1965

சகாயராணிக்கு,

ஐந்து மாதமாக நீ பதில் போடவில்லை. நானும் இனி எதிர்பார்க்கவில்லை.

அம்மா உடன்குடிப் பக்கம் ஒரு இடம் பார்த்திருக்கிறாள். நல்ல குடும்பம். பெண் எட்டாவது வரை படித்தவள், வீட்டு வேலை எல்லாம் செய்வாள், அடக்கமானவள். தவக்காலம் தொடங்குவதற்கு முன், சாம்பல் புதனுக்கு முந்திய வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. அதை விட்டால் ஈஸ்டர் கழியும்வரை கோயிலில் கலியாணம் கிடையாது. பெண் வீட்டார் அதுவரை பொறுக்கமாட்டார்கள் என்று தோன்றுகிறது.

ஒரு சிக்கல். என் பெயரில் முன்பே ஓலை வாசித்து, அதற்குத் தடை சொல்லப்பட்டிருக்கிறது. அதனால் உன்னிடமிருந்து ஒரு கடிதம் இல்லாமல் புது ஓலையை வாசிக்க முடியாது என்று எங்கள் சாமியார் சொல்லிவிட்டார். உனக்கு என்மேல் எந்த உரிமையும் இல்லை, நான் வேறு கலியாணம் செய்வதில் ஆட்சேபணை இல்லை என்று இரண்டு வரி எழுதி, உங்கள் சாமியார் மூலமாக அனுப்பினால் போதும். மாமாவிடம் கேட்க எனக்கு முகமில்லை.

பழையதை மனதில் வைக்காமல் இந்த ஒரு உதவியைச் செய்.

மிக்கேல்ராஜ்


தாராவி
9 பிப்ரவரி 1965

மிக்கேல்ராஜ் அவர்களுக்கு,

உங்க காயிதம் கிடைச்சுது. நான் எப்படி இருக்கேன்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். காலேஜ்ல இடம் நிரம்பிருச்சு, ஜூன்ல வான்னுட்டாங்க. அப்பா இப்பப் பேசுறாக, சாப்பிட்டியா, விளக்கை அணை, அந்த அளவுக்கு. நெல்லையப்பன் அண்ணாச்சி பட்டறையில தோல் பைக்குக் கைப்பிடி தைக்கிறேன். அங்க ஒருத்தியும் மூக்கைப் பொத்துறதில்ல, எல்லாரும் ஒரே வாடை.

டிமெல்லோ மிஸ்ஸை நவம்பர்ல போயிப் பாத்தேன். கலியாணம் இல்லன்னு ஆயிருச்சே மிஸ், அடுத்த வருஷமாவது எடுப்பீங்களான்னு கேட்டேன். அவுக தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. கோயில்ல எழுந்திரிச்சு சாமியாரையே எதுத்துப் பேசின பிள்ளைன்னு ஆபீஸ்ல பேராயிருச்சாம். அந்த மாதிரிப் பிள்ளையை உள்ள விட்டா யூனியன் வந்துரும்னு மேனேஜர் சொல்லுதாராம். கம்பெனி என்னை அத்தனை விரும்பியிருந்தா விட்டிருக்குமான்னு எழுதினீகல்ல, நீங்க சொன்னது சரிதான். போன மாசம் மாட்டுங்காவுல அவுக மேட்சைக் காசு குடுத்துப் போயிப் பாத்தேன். செண்பகவல்லி எனக்கு வச்சிருந்த இடத்துல நின்னு ஆடினா. இடது கை இன்னும் வரல அவளுக்கு. நல்ல பாஸ் ரெண்டு விட்டா. நான் கடைசி வரைக்கும் இருந்து பாத்துட்டு நடந்தே வந்தேன்.

இப்ப உங்க விஷயத்துக்கு வாறேன். காயிதத்தைக் குடுக்காம வச்சிக்கிட்டா உங்க கலியாணம் நின்னுரும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஒரு வாரம் அந்த நெனப்பு எனக்கு ரொம்ப இனிப்பா இருந்துச்சு. பொய் சொல்லல. தைக்கிறப்ப எல்லாம் அதையே நெனச்சேன். ரோசம்மா அத்தை பெண் வீட்டுக்காரங்க முன்னால கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறதை நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன். உங்கமேல எனக்கு ஒரு உரிமையும் இல்ல, இருந்தாலும் வேண்டாம். அதை எத்தனை வரி வேணும்னாலும் எழுதிக் குடுப்பேன்.

ஆனா ஒண்ணு கேக்கணும். நல்ல குடும்பம், எட்டாவது, அடக்கம்னு எல்லாம் எழுதியிருக்கீக, அந்தப் பிள்ளை பேரை எழுதல. உங்களுக்கே இன்னும் சொல்லலையா? அவளை யாராவது கேட்டாங்களா? உங்க அம்மா கேட்டுருக்க மாட்டாக, அவ அப்பாவும் கேட்டுருக்க மாட்டாரு, நீங்க கேக்க மாட்டீக.

எட்டாவது படிச்சவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அவ பேரை எழுதி, எனக்குச் சம்மதம்னு ஒரு வரி அவ கைப்பட எழுதி என் பேருக்கு அனுப்பட்டும். அது வந்த அன்னைக்கே என் காயிதத்தைச் சாமியார்கிட்ட குடுத்துருவேன். சாம்பல் புதன் மார்ச் மூணாம் தேதி வருது. அங்க இந்தி எதிர்ப்புக் கலவரத்துல ரயிலு சரியா ஓடல, தபாலு எங்கயாவது கிடந்து வருதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். அதனால சீக்கிரம் போயி அவளைக் கேளுங்க.

ஞா. சகாயராணி